பின்பாட்டை வெட்டிவிட்டுப் பாடச் சொல்கிறீர்கள்: எங்கள் ஊர் கலை விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன வாரம் நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மொத்தம் நான்கு வரி. தை மாதக் கலை விழா மண்ணின் கலைகளுக்கானது, ஆகவே வெளி மாநிலத்தவர் மேடையேற இயலாது. தமிழ் அல்லாத வரிகளை நீக்க வேண்டும். அழுகைப் பாடல்கள் விழாவுக்குப் பொருந்தா. நடவுப் பாட்டும் கும்மியும் மட்டும் ஏழு நிமிடத்துக்குள் பாடலாம். கீழே கையெழுத்து, முத்திரை.

அதே வாரம், சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஒத்திகை பார்க்கும் சமுதாயக் கூடத்தின் சாவியும் கிடைக்கவில்லை. வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்றார்கள். ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது, படியில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு நிகழ்ச்சி எதுவும் என் கண்ணில் படவில்லை.

நேரில் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்களில் ஒருவர், "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லக்கா, மத்தவங்கதான்..." என்று இழுத்தார். அந்த மற்றவர்கள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

கடிதத்தில் எங்களைக் 'கலைக்குழு' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நாங்கள் கலைக்குழுவாக ஆரம்பித்தவர்கள் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தோம். விடிந்து வெளியே வந்தால் கூரை இல்லை, தென்னை இல்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 23 நாள் ஆனது. இருட்டில் பிள்ளைகள் அழும். ஒரு கிழவி தாலாட்டு எடுத்தார், பக்கத்தில் இருந்தவள் பின்பாட்டு வாங்கினாள், அடுத்த ராத்திரி பத்துப் பேர் வாங்கினார்கள். அப்புறம் மின்சாரம் வந்தது, டிவி வந்தது, பாட்டு மட்டும் நிற்கவில்லை. சனிக்கிழமை தோறும் கூடுவது என்று ஆகிவிட்டது.

இப்போது 19 பேர். வயல் வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதிகம். ஒரு மீன்காரம்மா, ஒரு மளிகைக் கடைக்காரர், கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்பிள்ளைகள், சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோருடன் இங்கே வந்து சேர்ந்த ஒரு பெரியவர், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற நான், அரிசி ஆலையில் வேலை பார்க்கும் வங்காளத் தம்பிகள் மூன்று பேர். பட்டணத்தில் இதைச் சேர்ந்திசை என்கிறார்கள். எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைத் திரட்டி, பல குரல்கள் அடுக்கடுக்காக ஒலிக்கும்படி தமிழில் அதை வளர்த்தவர். அந்தப் பயிற்சியெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். நம் பக்கத்துப் பஜனை மடத்திலும் வயலிலும் அப்படித்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, அவரவர் வீட்டில் பாடிய பாட்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். சாமி பாட்டும் கல்யாணப் பாட்டும் வரும் என்று நினைத்தேன். வந்ததில் 14 பாட்டில் யாரோ ஊரைவிட்டுப் போகிறார்கள், அல்லது திரும்பி வருகிறார்கள், அல்லது வரவே இல்லை. மலாயா, சிலோன், பர்மா, சிங்கப்பூர், துபாய், திருப்பூர். நாங்கள் திட்டம் போட்டு இந்த விஷயத்தைப் பாட எடுக்கவில்லை. பானையைக் கவிழ்த்தால் உள்ளே இருந்தது இதுதான்.

நீங்கள் நீக்கச் சொன்ன கப்பல் பாட்டு என் அப்பாயி பாடியது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1937-ல் அப்பாயிக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து முன்பணம் கொடுத்து நாலு குடும்பங்களை மலாயாவுக்குக் கூட்டிப்போனார். நாலுமே சொந்தமாகக் காணி நிலம் இல்லாத குடும்பங்கள். அடுத்த வருஷமே, 1938-ல், மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் போவதை அன்றைய இந்திய அரசு தடுத்துவிட்டது. ஒரு வருஷம் பிந்தியிருந்தால் இந்தப் பாட்டு இல்லை, இந்தக் கடிதமும் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். அந்தப் படகில்தான் வாந்தி எடுத்ததாகவும், கப்பலில் ஏறியபின் எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை என்றும் அப்பாயி சிரித்துக்கொண்டே சொல்லும். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு கெடா மாநிலத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

கப்பலுக்கோ கண்ணுமில்ல, கடலுக்கோ கரையுமில்ல,
கட்டிவச்ச நாத்துமுடி காயுமுன்ன வருவேனோ

என்று தொடங்கும் அந்தப் பாட்டு. நாற்றைப் பறித்து முடி கட்டி வரப்பில் வைத்துவிட்டுப் போனவள் கேட்கிற கேள்வி அது. முடி காய்வதற்கு முன்பு அப்பாயி வரவில்லை. வர 33 வருஷம் ஆனது.

நடுவில் சண்டை வந்தது. 1942, 43-ல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். அப்பாயியின் அண்ணன் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் இருந்து லாரியில் ஏறியதுதான், திரும்பவில்லை. செத்த தேதி தெரியாததால் எந்த நாளில் சாமி கும்பிடுவது என்று தெரியாமல், ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அவருக்கு ஒரு இலை போடுவோம். பாட்டின் மூன்றாவது அடி அவருக்காக அப்பாயி சேர்த்தது. உங்கள் கடிதத்தில் 'அழுகை' என்று குறிப்பிட்டிருப்பது அந்த அடியைத்தான் என்று நினைக்கிறேன்.

1969 கலவரத்துக்குப் பிறகு அங்கே குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு பெரிய தலைவலியாகிவிட்டது. அப்பாயியிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, குடிமக்களுக்கு உள்ள நீலக் கார்டு இல்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க வாங்கினாங்க" என்று முடித்துவிடும். 1970-ல் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கே வந்து இறங்கியது. ஒரு தகரப்பெட்டி, பால் வெட்டும் உளி ஒன்று, 26 வயது மகன் ஒருவன். அந்த மகன் என் அப்பா. நம்மூரை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை.

வந்தவளை நம்மூர் எப்படி வரவேற்றது தெரியுமா? மலாயாக்காரி. சாகும்வரை அதுதான் பெயர். நடவுக்குப் போனால் கை ஓடாது, 33 வருஷம் ரப்பர் பால் வெட்டிய கை. கூட நட்டவர்கள் கேலி செய்வார்களாம். ஆனால் குரல் கெட்டி. அதனால் மெல்ல மெல்ல முன்பாட்டு எடுக்கும் வேலை அப்பாயிக்கு வந்தது. அங்கேதான் ஒரு விஷயம் நடந்தது.

வயலில் பெண்கள் வரிசையாக, தோளுக்குத் தோள் நின்று நடுவார்கள். பாட்டும் அதற்கேற்ப வேகமாக ஓடும், ஒருத்தி முடிப்பதற்குள் அடுத்தவள் வாங்குவாள். ரப்பர் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசை மரம். ஒரு நிரைக்காரிக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் எத்தனையோ மரம். இருட்டு விலகாத நேரத்தில் குரல் போய்ச் சேர வேண்டும் என்றால் அடியின் கடைசி எழுத்தைப் பிடித்து நீட்ட வேண்டும், நீட்டிவிட்டு பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். மலாயா போன நடவுப் பாட்டு அப்படி இழுபட்டுப் போனது. திரும்பி வந்தபோது அந்த இழுப்போடுதான் வந்தது. அப்பாயி வயலில் நின்று கடைசி எழுத்தை இழுக்கும், பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சிரிப்பு வரும், அப்புறம் அவர்களுக்கும் அது பழகிவிட்டது.

நீங்கள் அனுமதித்திருக்கிற நடவுப் பாட்டு இதுதான். போன வருஷம் மேடையில் கேட்டுவிட்டு, "இந்த மண்ணின் குரல்" என்று ஒலிபெருக்கியில் பாராட்டினீர்கள். கடைசி எழுத்தில் வரும் அந்த நீளமான இழுப்பைக் கேட்டுத்தான் கை தட்டினார்கள். வாய்க்கால் தாண்டி அடுத்த ஊரில் அதே பாட்டை இழுக்காமல், வெட்டி வெட்டிப் பாடுகிறார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள். அந்த ஊரில் மலாயா போய்த் திரும்பியவர்கள் யாரும் இல்லை. கப்பல் பாட்டை வெட்டிவிட்டு நடவுப் பாட்டை மட்டும் பாடச் சொல்கிறீர்களே, அந்த இழுப்பை எங்கே வைத்து வெட்டுவது என்று சொல்லுங்கள்.

சரி, வங்காளத் தம்பிகள் விஷயம்.

நம்முடையது காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை. தண்ணீர் எப்போது வரும், வருமா என்பதே தெரியாத இடத்தில் நாற்றங்கால் விட்டு நட யாருக்குத் தைரியம்? பாதிக்கு மேல் நேரடி விதைப்பாகிவிட்டது. நடுகிற இடத்திலும் எந்திரம், அல்லது மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் என்பது நம் பாட்டன் காலத்து நம்பிக்கை, எத்தனை வருஷம் அந்தத் தேதி தவறியது என்று உங்களுக்கும் தெரியும். 2016-17 வறட்சியில் சம்பா கருகியபோது எங்கள் தெருவில் இருந்து திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பையன்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அதில் ஒருவன் எங்கள் மீன்காரம்மாவின் மகன். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகச் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளை அடைத்தபோது அவனும் உள்ளே மாட்டிக்கொண்டான். இங்கே நாங்களும் ஊரடங்கில். சனிக்கிழமை சாயங்காலம் ஆளாளுக்கு அவரவர் திண்ணையில் இருந்தபடி வாட்ஸ்அப்பில் அவனுக்குப் பாடுவோம். சத்தம் ஒருத்தருக்கு ஒருத்தர் முன்பின்னாக வந்து கேவலமாக இருக்கும், ஆனாலும் பாடுவோம். ஒரு நாள் அவன், "பக்கத்துக் கட்டில் அண்ணன் பதிலுக்கு ஒண்ணு பாடுறேங்கிறாரு" என்று ஃபோனை அந்தப் பக்கம் திருப்பினான். பங்களாதேஷ்காரர். படகோட்டிப் பாட்டு ஒன்று பாடினார். ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசி எழுத்தை இழுத்தார். மீன்காரம்மா, "அட, இது நம்ம மலாயாக்காரி இழுப்பு" என்றது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் கழித்து, கூடத்தின் வாசலில் தண்ணீர் கேட்டு மூன்று பையன்கள் வந்து நின்றார்கள். நடவுக்கு வந்து, அரிசி ஆலையிலேயே வேலைக்குத் தங்கிவிட்டவர்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் போகாமல் நின்று கேட்டார்கள். அதில் சின்னவன் மெல்ல முனகினான். அதே மாதிரி இழுப்பு. அந்த ஊர்ப் படகோட்டிப் பாட்டுக்கு பாட்டியாலி என்று பெயராம். கரையில் இருப்பவனுக்கு எட்ட வேண்டும் என்பதால் படகுக்காரன் இழுப்பான் என்று கைச்சைகையில் சொன்னான். தோட்டத்து நிரை மாதிரியேதான்.

முர்ஷிதாபாத் மாவட்டக்காரர்கள். அதுவும் டெல்டா. கங்கை கரையை அறுத்துக்கொண்டே போகிறது, சின்னவன் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது. நாங்கள் ஆறு வராததால் ஊரைவிட்டுப் போனவர்கள், அவர்கள் ஆறு வந்ததால் போனவர்கள். இதைச் சொன்னபோது எங்கள் சிலோன் பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் மூவருக்கும் டீ வாங்கி வந்தார்.

அவர்கள் தமிழ் வரிகளைத் தங்கள் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார்கள். 'ழ' வரவில்லை, நம்மில் பலருக்கும்தான் வரவில்லை. கப்பல் பாட்டின் முடிவில் அந்தப் படகுப் பாட்டின் நான்கு வரியை அவர்கள் எடுப்பார்கள், நாங்கள் பின்பாட்டு வாங்குவோம். நீங்கள் நீக்கச் சொல்கிற 'தமிழ் அல்லாத வரிகள்' மொத்தமே இந்த நான்குதான். நாற்பது விநாடி.

எல்லாம் கொஞ்சிக் குலாவி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் குழுவில் நடவுக்குப் போகும் ஒரு அக்கா முதல் நாளே எழுந்துவிட்டார். "எங்க கூலியக் கெடுத்தவன்கூட நின்னு நான் பாடணுமா?" அதில் நியாயம் இருக்கிறது. ஏக்கருக்கு மொத்தமாகப் பேசி, விடியற்காலையில் இறங்கிச் சாயங்காலத்துக்குள் நட்டு முடிக்கும் குழு வந்த பிறகு, நம் பெண்களுக்கு நடவு நாட்கள் குறைந்துவிட்டன. அதை மறைத்துவிட்டு ஒற்றுமை பாட எனக்கு விருப்பமில்லை. மூன்று வாரம் அக்கா வரவில்லை. நான்காவது வாரம் தானாகவே வந்து தன் இடத்தில் நின்றார். என்ன நினைத்து வந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பையன்களிடம் இப்போதும் அதிகம் பேசமாட்டார். சுருதி விலகினால் மட்டும், "டேய், காதக் குடுத்துக் கேளு" என்று அதட்டுவார். என்னைக் கேட்டால், மேடையில் காட்ட வேண்டியது அந்த அதட்டலைத்தான்.

உங்கள் கோபம் கூலியைப் பற்றியது என்றால் அதைக் கூலியாகப் பேசுவோம். இடைத்தரகர் எவ்வளவு எடுக்கிறார், பையன்கள் கையில் எவ்வளவு போகிறது என்று கேட்போம், நானும் வருகிறேன். கங்காணி முன்பணம் கொடுத்த கதை என் வீட்டுக் கதை, அதை என்னால் எளிதாக அடையாளம் காண முடியும். மேடையில் இருந்து மூன்று பையன்களை இறக்கிவிட்டால் எந்த அக்காவுக்கும் ஒரு நாள் நடவு கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை.

மண்ணின் கலை என்கிறீர்கள். இந்த ஆற்றங்கரையில் வெளியே இருந்து வராதது எது என்று நான் யோசித்துப் பார்த்தேன். திருவையாற்றில் வருஷா வருஷம் நூற்றுக்கணக்கானவர் சேர்ந்து உட்கார்ந்து பாடும் தியாகராஜரின் பஞ்சரத்தினத்தில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான். மெலட்டூர் பாகவத மேளா நாடகம் தெலுங்கு. தஞ்சாவூரை 1676-லிருந்து 1855 வரை ஆண்டவர்கள் மராத்தியர்கள், இன்றைக்குப் பஜனை மடங்களில் மராத்தி அபங்கம் பாடும்போது யாரும் எழுந்துபோவதில்லை. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள், அவர்கள் பின்னால் வந்த பாதிரிமார்களின் மெட்டுகளில் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் தமிழில் பாடினார்கள். ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை கட்ட, அதற்கு ஒரு கிராமத்தையே எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் விழா மேடையின் பின்திரையில் ராஜராஜன் படம் இருக்கிறது. எங்கள் கப்பல் பாட்டை அவர் முன்னால் பாடினால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

அழுகை விழாவுக்குப் பொருந்தாது என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் கப்பல் பாட்டு முடிந்து நாங்கள் கீழே இறங்கியபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தத் தோட்டம்?" என்று மட்டும் கேட்டார். அப்பாயி சொன்ன தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவருடையது அடுத்த தோட்டம். அங்கேயே நின்று அரைமணி நேரம் பேசினோம். அதற்குள் குத்துப் பாட்டு ஆரம்பித்துவிட்டதால் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் அழவில்லை, நானும் அழவில்லை. 55 வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாராம், தன் தோட்டத்தின் பெயரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லையாம். யாரும் கேட்கவில்லையாம்.

கடைசியாக, நீங்கள் கவனிக்காத ஒரு சங்கதி. தமிழ்த்தாய் வாழ்த்தை இசைத்தட்டில் ஒலிக்கவிடாமல் ஆட்களே பாட வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசு சொன்னதை ஒட்டி, நீங்களும் போன வருஷ விழாவில் எங்களைப் பாடச் சொன்னீர்கள். 55 விநாடிக்குள் முடிய வேண்டும் என்பதால் கல்லூரிப் பெண்கள் கைக்கடிகாரம் வைத்துக்கொண்டு எங்களைப் பாடாய்ப் படுத்திப் பழக்கினார்கள். பின்வரிசையில் வலது ஓரமாக வெள்ளைச் சட்டையில் மூன்று பேர் நின்றார்களே, அவர்கள்தான் முர்ஷிதாபாத். மேடையில் நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கேட்டீர்கள், "சுத்தமான உச்சரிப்பு" என்று செயலாளர் கைகுலுக்கினார். இந்த வருஷம் பட்டியலில் பெயரும் ஊரும் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், நாங்கள் மறைக்காமல் எழுதினோம், அப்போதுதான் அவர்கள் வெளி மாநிலத்தவர் ஆனார்கள். உங்கள் கடிதத்தைச் சின்னவனுக்குப் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டது: "விழா முடியும்போது ஜன கண மன பாடுவீங்கல்ல, அது பங்களா. அதையும் எடுத்துருவாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை, உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

வெளி மாநிலத்தவர் மேடையேறக் கூடாது என்ற வரியை எழுத்து மூலமாகத் திரும்பப் பெற வேண்டும். வாய்ச்சொல் போதாது, அடுத்த வருஷம் வேறு குழு வந்தால் யாருக்கும் நினைவிருக்காது. கப்பல் பாட்டை மூன்றாவது அடியோடும் கடைசி நான்கு வரியோடும் முழுதாகப் பாடவிட வேண்டும். அதற்கு 12 நிமிடம் ஆகும். நேரம் இல்லை என்றால் கும்மியை நாங்களே விட்டுவிடுகிறோம், நேரத்தைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். சமுதாயக் கூடம் எல்லோருடைய வரிப்பணத்திலும் கட்டியது. சனிக்கிழமை ஆறரையிலிருந்து எட்டரை வரை அதன் சாவி பழையபடி எங்களுக்கு வேண்டும், வேறு நிகழ்ச்சி உண்மையிலேயே இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மண்ணின் கலை எது என்று ஒரு விதி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யார் எழுதினார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

முடிவெடுப்பதற்கு முன்பு ஒரு தடவை வந்து கேளுங்கள். கூடம் பூட்டியிருப்பதால் இந்த சனிக்கிழமை மளிகைக் கடைக்காரர் வீட்டுக் களத்தில் பாடுகிறோம். டீ உண்டு.

பதிலைத் தை 1-க்குள் எதிர்பார்க்கிறோம். ஆலையில் தம்பிகள் லீவு சொல்ல ஒரு வாரமாவது வேண்டும். அதற்குள் பதில் இல்லை என்றால் நாங்கள் 19 பேரும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் வேறு ஆட்களைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு உங்களுக்கும் அவகாசம் வேண்டும் என்பதால்தான் இப்போதே சொல்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைப் பாட்டுக்காரர்களுக்காக,
மலாயாக்காரி பேத்தி